பரக்கத் பின்னிய கைகள்: இஸ்லாமிய உலகில் பின்னலும் தையலும் பருவங்களும்

இஸ்லாமிய உலகின் ஆடை வரலாற்றைப் பேசப் புகுவோர் முதலில் எடுத்துக்கொள்வது 'திராஸ்' துணிகளையே. கலீஃபாவின் பெயரும் விருதும், நெய்த ஊரும், ஹிஜ்ரி ஆண்டும், சில வேளைகளில் பணியை மேற்பார்த்த அமைச்சரின் பெயருங்கூடக் கரையில் பொறிக்கப்பட்ட துணிகள் அவை. அரசவையில் 'கில்அத்' என்னும் மரியாதை ஆடையாகப் போர்த்தப்பட்டவை. யாருக்கு எப்போது எத்தனை ஆடைகள் வழங்கப்பட்டன என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆண்டுவாரியாக எழுதி வைத்தனர். அதே நகரங்களில், அதே நூற்றாண்டுகளில், குளிர்காலத்து வைகறையில் ஒருவர் காலில் மாட்டிக்கொண்ட பருத்திக் காலுறையைப் பற்றி அந்த வரலாற்று நூல்கள் பேசுவதில்லை. அதைப் பின்னியவர் ஆணா பெண்ணா, முஸ்லிமா கிப்தியக் கிறித்தவரா என்பதற்கும் குறிப்பில்லை. ஆயினும், கையால் பின்னும் கலைக்கு இன்று நம்மிடம் உள்ள மிகப் பழைய உறுதியான சான்று, எகிப்தில் கிடைத்த இஸ்லாமியக் காலத்துக் காலுறைகளும் அவற்றின் துண்டுகளுமே.

'முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கியவை' என்ற தலைப்பில் நம் மேடைகளில் வாசிக்கப்படும் நீண்ட பட்டியல்களை நாம் அறிவோம். காபியும் இயற்கணிதமும் இருக்கும் அப்பட்டியலில் காலுறையையும் சேர்த்துவிடுவது எளிது. அவ்வாறு சேர்க்கும் முன், அந்தக் காலுறை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பதே அதைச் செய்தவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இக்காலுறைகள் வாஷிங்டன் ஜவுளி அருங்காட்சியகம், இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய இடங்களில் இன்று பாதுகாக்கப்படுகின்றன. பெரும்பாலும் வெண்பருத்தி நூலும் அவுரிச் சாயம் ஏற்றிய நீலப் பருத்தி நூலும் கொண்டு பின்னப்பட்டவை. நீலத்தின் இரண்டு மூன்று சாயல்கள் சிலவற்றில் உண்டு. குறுக்குப் பட்டைகளாகச் சாய்சதுரங்களும் கொக்கி வடிவங்களும் எழுத்துப் போன்ற கோலங்களும் அடுக்கடுக்காக ஏறிச் செல்கின்றன. விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி வட்டமாகப் பின்னி, குதிகாலைப் பின்னர் சேர்த்திருக்கின்றனர். இவை 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்பது பொதுவான கணிப்பு. கணிப்பு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் குப்பை மேடுகளிலிருந்தும் எகிப்தின் பழைய இடுகாடுகளிலிருந்தும் வெளிவந்த துணிகளில் பெரும்பகுதி, முறையான அகழாய்வு தொடங்கும் முன்பே பழம்பொருள் வணிகர் கைமாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டது. எந்த மண்ணடுக்கில், எந்தக் காசுடன், எந்தப் பானையோட்டுடன் கிடைத்தது என்ற செய்தி அதோடு அழிந்தது. ஒரு நூற்றாண்டுக் காலத்து அலட்சியத்துக்கு நாம் இன்றும் விலை கொடுக்கிறோம்.

அக்காலுறைகளுள் ஒன்றில் 'அல்லாஹ்' என்னும் திருநாமம் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருப்பதாக மேலைநாட்டுப் பின்னல் நூல்கள் பலவும் எழுதுகின்றன. நம் வாசகர் ஒருவருக்கு இங்கே உடனே ஓர் ஐயம் எழும். இறைநாமம் பொறித்த மோதிரத்தையே கழிப்பிடம் செல்லும்போது கழற்றி வைக்கும் ஒழுக்கத்தில் வளர்ந்த ஒரு சமூகம், அதே நாமத்தைக் காலில் அணியப் பின்னியிருக்குமா? ஐயம் நியாயமானது. இடைக்கால எகிப்தின் துணிகளிலும் மட்பாண்டங்களிலும் எழுத்தின் உருவை மட்டும் கோலமாக்கிய, படிக்கப் பொருள் தராத பட்டைகள் ஏராளம். 'அலிஃப்', 'லாம்' ஆகிய நெடுங்கோடுகளை அடுத்தடுத்து நிறுத்தினாலே காண்பவர் கண்ணுக்கு அது அரபியாகத் தோன்றும். பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு கட்டம். கட்டங்களில் நெட்டுக்கோடு வரைவது எளிது, வளைவு கடினம். ஆகவே நெட்டுக்கோடுகள் மிகுந்த கூஃபிச் சாயல் பின்னலுக்குத் தானாகவே பொருந்துகிறது. அந்தக் கோலத்தைத் திருநாமம் எனத் துணிந்து படிப்பதைவிட, எழுத்தழகு ஒரு நாகரிகத்தின் கண்ணில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்வதே பொருத்தமென நினைக்கிறேன்.

இனி, பின்னல் என்று நாம் எதைச் சொல்கிறோம்? நெசவில் பாவும் ஊடும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. துணி தட்டையாக வருகிறது. உடலுக்கேற்ப வெட்டித் தைத்தால்தான் அது ஆடையாகும். பின்னலில் ஒரே நூல் அறுபடாமல் ஓடி, ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போகிறது. வெட்டு வேண்டாம், தையல் வேண்டாம். கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் போனால் காலின் வடிவம் கையிலேயே உருவாகிவிடும். 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ அமைத்த காலுறைப் பொறி இக்கண்ணியை இயந்திரத்துக்கு மாற்றியது. திருப்பூரில் பனியன் துணி ஓடும் வட்ட இயந்திரம் கோப்பதும் அடிப்படையில் அதே கண்ணிதான். குளிரறியாத தமிழகத்தில் பின்னலாடை கம்பளியாக வராமல் பருத்திப் பனியனாகவே வீடுகளுக்குள் வந்தது என்பதையும், எகிப்தியக் காலுறையும் பருத்தியே என்பதையும் சேர்த்து எண்ணினால், பின்னல் என்றதும் பனிநாட்டுக் கம்பளியை நினைக்கும் நம் வழக்கம் எவ்வளவு அண்மைக்காலத்தது என்பது புரியும்.

இதனோடு எளிதில் குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு கலை உண்டு. காதுள்ள ஒற்றை ஊசியில் குட்டையான நூலைக் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் முழுவதையும் இழுத்து முடைவது அது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 'நால்பிண்டிங்' என்று வழங்குகிறார்கள். முடித்தபின் பார்த்தால் பின்னல் போலவே தோன்றும். இஸ்லாத்துக்கு முந்திய எகிப்தில் கிடைத்த கம்பளிக் காலுறைகள் இவ்வகையின. பண்டைய ஆக்ஸிரிங்கஸ் நகரின் இடுகாட்டில் கிடைத்த சிவப்புக் காலுறையில், வாருள்ள செருப்பு அணிய வசதியாகப் பெருவிரல் தனியே பிரிந்து நிற்கிறது. ஆன்டினோபோலிஸ் நகரின் குப்பை மேட்டில் 1913-14இல் அகழ்ந்தெடுத்த ஒரு குழந்தையின் பல வண்ணக் காலுறை இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மஞ்சிட்டி வகைச் சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்றே செடிச் சாயங்களைக் கலந்தும் மாற்றியும் அத்தனை வண்ணங்களையும் பெற்றிருக்கின்றனர் என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபுராத் கரையிலுள்ள டூரா யூரோப்பஸ் நகரில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுத் துண்டுகளை அறிஞர்கள் முதலில் பின்னல் என்றே எழுதினர். பின்னர் ஒற்றை ஊசி வேலை என்று தெளிந்தனர். டாரதி பர்னம் 1972இல் கிப்தியக் காலுறைகளின் நுட்பத்தை விளக்கி எழுதிய கட்டுரையும், ஆங்கிலிக்கன் ஆயராக இருந்தவரும் தாமே பின்னல் வல்லவருமான ரிச்சர்ட் ரட் 1987இல் வெளியிட்ட கைப்பின்னல் வரலாறும் இத்தெளிவுக்குத் துணை நின்றன.

ஆகவே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: காலுறையை முஸ்லிம்கள் கண்டுபிடிக்கவில்லை, எகிப்தியர் காலுறை அணிந்த பின் பல நூற்றாண்டுகள் கழித்தே அங்கு இஸ்லாம் வந்தது. ஒற்றை ஊசியை விட்டு, ஓடும் நூலில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஊசிகள் கொண்டு பின்னும் முறை, இஸ்லாமிய ஆட்சிக்காலத்து எகிப்தில் முதிர்ந்த வடிவில் நமக்குக் காணக் கிடைக்கிறது. முதிர்ந்த வடிவில் என்பதைக் கவனிக்க வேண்டும். இரு வண்ண நூல்களை ஒரே வரிசையில் ஓட்டிக் கோலம் போடுவது தொடக்கநிலைப் பயிற்சி அன்று. அதற்கு முந்திய தலைமுறைகளின் பின்னல் எங்கோ மண்ணில் மக்கிப் போயிருக்க வேண்டும்.

காலுறையைப் பற்றி வரலாற்று நூல்கள் மௌனம் சாதித்தாலும், ஃபிக்ஹு நூல்கள் மௌனம் சாதிக்கவில்லை. ஆடை வரலாற்றாளர்கள் போதிய அளவு பயன்படுத்தாத சான்று இதுதான். உளூச் செய்யும்போது காலைக் கழுவுவதற்குப் பகரமாகத் தோற்காலுறையின் மேல் ஈரக் கையால் தடவும் 'மஸ்ஹு' நாம் அறிந்ததே. அது பற்றிய ஹதீஸ்களே ஆடைச் செய்திகள் நிறைந்தவை. தபூக் பயணத்தின்போது ஒரு வைகறையில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ய, முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் நீர் ஊற்றினார்கள். நபியவர்கள் அணிந்திருந்தது ஷாம் நாட்டு ஜுப்பா. அதன் கை இறுக்கமாக இருந்ததால் மேலே சுருட்ட இயலாமல், கைகளை ஜுப்பாவுக்கு அடியில் எடுத்துக் கழுவினார்கள். பின்னர் தோற்காலுறைகளின் மேல் மஸ்ஹு செய்தார்கள். குளிர்நாட்டுத் தையற்காரர் காற்றுப் புகாதிருக்கக் கையைக் குறுக்கித் தைத்ததும், ஹிஜாஸின் தளர்ந்த ஆடைக்குப் பழகியவர் அதில் எதிர்கொண்ட சிறு இடர்ப்பாடும் இந்த ஒரு அறிவிப்பில் பதிவாகியுள்ளன. ஸவ்பான் (ரலி) அறிவிக்கும் மற்றொரு செய்தியில், குளிரால் வாடித் திரும்பிய ஒரு படையணியினருக்குத் தலைப்பாகையின் மீதும் 'தஸாகீன்' மீதும் மஸ்ஹு செய்ய அனுமதி கிடைத்தது. தஸாகீன் என்றால் கதகதப்பூட்டுபவை. காலைச் சூடாக வைக்கும் உறைகள்.

தோலால் ஆன 'குஃப்' பற்றி அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நூலாலோ மயிராலோ ஆன 'ஜவ்ரப்' வந்தபோதுதான் விவாதம் எழுந்தது. ஜவ்ரப் பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொல். குளிர்நாட்டுப் பொருள், பெயரோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதன் மேல் மஸ்ஹு செய்யலாமா? அடியில் தோல் தைத்திருக்க வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தடிப்பாக இருந்தால் போதும் என்றார்கள் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மத் அஷ்ஷைபானியும். தம் இறுதிக் காலத்தில் ஆசிரியரும் மாணவர் கருத்துக்கே திரும்பியதாக ஹனஃபீ நூல்கள் பதிவு செய்கின்றன. ஷாஃபிஈ அறிஞர்கள் தொடர்ந்து நடக்க இயலும் உறுதியையும் நீர் எளிதில் ஊடுருவாமையையும் வலியுறுத்தினர். ஹன்பலீக்கள் தடிப்பான ஜவ்ரபை ஏற்றனர். ஷாஃபிஈக்கள் மிகுந்த காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரையிலும், ஹனஃபீக்கள் மிகுந்த உள்நாட்டு ஊர்களிலும் மதரஸா மாணவர் இந்தப் பாடத்தை ஓதியே வருகின்றனர். காலுறை தேவைப்படாத வெயிலில் அமர்ந்துகொண்டு!

அந்த விவாதத்தில் ஹனஃபீ அறிஞர்கள் 'தடிப்பு' என்பதற்குச் சொன்ன இலக்கணத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். அதை அணிந்து ஒரு ஃபர்ஸக் தொலைவு நடக்க முடிய வேண்டும். அதன் ஊடே கால் தெரியக் கூடாது. கட்டு எதுவும் இல்லாமல் கெண்டைக்காலில் தானாகவே நிற்க வேண்டும். நெய்த துணியை வெட்டித் தைத்த உறை காலில் தானாக நிற்பது அரிது. அதற்கு நாடா கட்ட வேண்டும். விரிந்து சுருங்கிக் காலைக் கவ்விப் பிடிப்பது கண்ணிவேலையின் இயல்பு. தானாக நிற்றல் என்ற நிபந்தனை, அத்தகைய உறைகளைக் கண்டு பழகியவர்களின் நாவிலிருந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம். அடித்துத் திரட்டிய கம்பளித் தடிப்பும் அவ்வாறு நிற்கக் கூடுமாதலால் இதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். புகாரா அறிஞர் ஷம்ஸுல் அயிம்மா அல்ஹல்வானீயின் பெயரால் மற்றொரு வகைப்பாடும் வழங்குகிறது: வெள்ளாட்டின் மென்மயிர், நூற்ற நூல், மயிர், மெல்லிய தோல், பருத்தித் துணி என ஜவ்ரப் ஐந்து வகை. அல்வாத் தொழிலால் பெயர் பெற்ற ஓர் அறிஞர் மரபு, காலுறைக் கடைக்காரரின் சரக்கைப் போல் மூலப்பொருள் வாரியாக அடுக்கித் தந்திருக்கிறது. புகாராவின் பனிக்காலத்தை நினைத்தால் அந்த அக்கறைக்குக் காரணம் தெரியும்.

தொழிலும் தன் பெயரை முற்றாக இழந்துவிடவில்லை. இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (மறைவு 936 வாக்கில்) தம் 'மகாலாத்' நூலில், இறைவனுக்கு உருவம் கற்பித்த ஒருவரின் கருத்துகளை எடுத்துரைக்கிறார். அவர் பெயர் தாவூத் அல்ஜவாரிபீ. காலுறைக்காரர் தாவூத் என்று பொருள்படும். அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும், காலுறை ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அடையாளப் பெயர் தரும் அளவுக்குத் தனித் தொழிலாகப் பத்தாம் நூற்றாண்டுக்கு முன்பே நிலைபெற்றிருந்தது என்பதற்கு அப்பெயரே சாட்சி. அந்தக் காலுறைகள் எம்முறையில் செய்யப்பட்டன என்பதைப் பெயர் சொல்லாது.

ஆடைக்கும் பருவத்துக்கும் உள்ள உறவைத் திருக்குர்ஆனே எடுத்துக் காட்டுகிறது. சூரா அந்நஹ்ல், கால்நடைகளிலிருந்து மனிதன் பெறும் கதகதப்பை ஐந்தாம் வசனத்திலும், கம்பளியும் மயிரும் தரும் வாழ்க்கைப் பொருட்களை எண்பதாம் வசனத்திலும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை எண்பத்தொன்றாம் வசனத்திலும் இறையருளாக நினைவூட்டுகிறது. இங்கே வெப்பம் மட்டும் கூறப்பட்டுக் குளிர் ஏன் கூறப்படவில்லை என்ற கேள்வியை விரிவுரையாளர்கள் எழுப்பியிருக்கின்றனர். முதலில் கேட்டவர்கள் வெப்பநாட்டு மக்கள். அன்றியும் ஒன்றைக் கூறினால் அதன் இணை தானே அடங்கும் என்பது அவர்கள் தந்த விடை. அடங்கிக் கிடந்த அந்த இணை, இஸ்லாம் வெப்பநாட்டைக் கடந்து பரவியபோது வெளியே வந்தது. அதன் விரிவான பதிவு ஸ்பெயினில் கிடைக்கிறது.

பக்தாதிலிருந்து வெளியேறிய இசைவாணர் ஸிர்யாப், 822இல் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் குர்துபா அரசவையை அடைந்தார். அவரைப் பற்றிய செய்திகளை இப்னு ஹய்யான் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்தார். அவற்றை அல்மக்கரீ 17ஆம் நூற்றாண்டில் எடுத்தெழுதினார். அதன்படி, ஆடையைப் பருவத்துக்கேற்ப மாற்றும் ஒழுங்கை அந்நகரினர் அவரிடம் கற்றனர். ஜூன் 24ஆம் நாள் கொண்டாடப்பட்ட மஹ்ரஜான் விழாவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை வெண்ணிறம். மற்ற மாதங்களில் வண்ணம். இளவேனிலில் உட்துணி வைக்காத மெல்லிய வண்ணப் பட்டு மேலாடை. கோடை முடிந்து காலைக் குளிர் உறைக்கத் தொடங்கும் நாட்களில், மர்வு நகர் முறையில் பஞ்சு திணித்துத் தைத்த ஆடை. குளிர் முற்றியபின் தடித்த வண்ண ஆடையும், தேவைப்பட்டால் அடியில் மென்மயிர்த் தோலும். ஒரு தனிமனிதர் ஒரு நகரத்தின் பெட்டியை முழுவதும் மாற்றிவிட்டார் என்பதை நான் அப்படியே நம்பவில்லை. புகழ்பெற்றவர் பெயரில் பல்லாண்டு வழக்கங்களை ஏற்றிக் கூறுவது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் பருவந்தோறும் உட்துணியைச் சேர்த்தும் நீக்கியும் பஞ்சைத் திணித்தும் கூட்டியும் தைத்துக் கொடுக்க வேண்டிய வேலை குர்துபாவின் ஊசிகளுக்கு ஆண்டு முழுவதும் இருந்தது என்ற செய்தி அதனால் பொய்யாகிவிடாது.

அந்த ஆண்டுச் சுழற்சியின் மறுமுனை, 961இல் கலீஃபா இரண்டாம் ஹகமுக்காகத் தொகுக்கப்பட்ட குர்துபா நாட்காட்டியில் உள்ளது. முஸ்லிம் அறிஞர் அரீப் இப்னு ஸஅதும், கிறித்தவ ஆயரான ரபீஉ இப்னு ஸைதும் அதனோடு தொடர்புடையவர்கள். விண்மீன் உதயத்தோடு வயல்வேலையையும் வீட்டுவேலையையும் அது சொல்கிறது. பிப்ரவரியில் பெண்கள் பட்டுப்புழு முட்டைகளைக் கதகதப்பில் வைத்துப் பொரிக்கத் தொடங்குவர். மே மாதத்தில், திராஸ் கூடத்துக்குத் தேவையான பட்டையும் செஞ்சாயத்தையும் அனுப்புமாறு மாகாண அதிகாரிகளுக்கு அரசாணை போகும். குளிர்காலத்தில் அமீரின் தோளில் ஒளிரப் போகும் ஆடை, முந்திய குளிரின் முடிவில் யாரோ ஒரு குடியானவப் பெண்ணின் அடைகாப்பில் தொடங்கியது. அரசாணையின் நகல் அதிகாரியிடம் இருந்தது. அவள் பெயர் எவரிடமும் இல்லை.

காலுறைகள் கிடைத்த கெய்ரோவிலும் பருவமாற்றம் பகிரங்கமாகவே அறிவிக்கப்பட்டது. மம்லூக் சுல்தான்கள் கோடை தொடங்கும்போது கம்பளியைக் களைந்து வெண்ணிற ஆடைக்கும், குளிர் தொடங்கும்போது மீண்டும் கம்பளிக்கும் மாறும் நாளை வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறித்தனர். இப்னு இயாஸ் அதை ஆண்டுதோறும் எழுதுகிறார். கெய்ரோவின் குளிர் பனி பெய்யும் குளிர் அன்று. பாலைவன இரவில் தரை சில்லிடும். ஃபஜ்ருக்கு எழுபவரின் கால் அதை முதலில் உணரும். அதற்குப் பருத்திக் காலுறை போதும். எகிப்தின் பூர்விக நார்ப்பயிர் ஆளி. பருத்தி அங்கே பின்வந்தது. குஜராத்தின் அச்சிட்ட பருத்தித் துணிகளும் ஃபுஸ்தாத் மேடுகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவுரி எகிப்தின் பாலைச் சோலைகளிலும் விளைந்தது, இந்தியாவிலிருந்தும் கப்பலேறியது. அரபியில் அதன் பெயர் 'நீல்'. நம் 'நீலம்' அறிந்த காதுக்கு அச்சொல் எந்தக் கடல்வழியே போனது என்று விளக்க வேண்டியதில்லை.

தையற்காரரின் நாள் எப்படி இருந்தது என்பதை அறிய, அங்காடிகளைக் கண்காணித்த முஹ்தஸிப்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள் உதவுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்ஷைஸரீயின் நூலில் தையற்காரருக்குத் தனிப் பகுதி உண்டு. வெட்டு சீராக இருக்க வேண்டும். ஓட்டுத் தையல் போட்டு ஏமாற்றாமல் நெருக்கத் தையல் போட வேண்டும். ஊசி மெல்லியதாயும் அதில் கோத்த நூல் குட்டையாயும் இருக்க வேண்டும். நூல் ஏன் குட்டையாக இருக்க வேண்டும்? நெடு நூல் துணியை ஊடுருவி ஊடுருவித் தேய்ந்து, முறுக்கு அவிழ்ந்து, வலுவிழந்துவிடும். கையால் தைத்தவர் எவரும் இதை உடனே ஒப்புக்கொள்வர். அடிக்கடி நூல் கோக்கச் சோம்புபவர் நெடு நூல் எடுப்பார். கிழிசல் பல மாதங்களுக்குப் பின் வாடிக்கையாளரிடம் வந்து சேரும். விலையுயர்ந்த பட்டை எடை போட்டு வாங்கி, தைத்த பின் அதே எடையில் திருப்பித் தர வேண்டும் என்பதும், துணியை நெடுநாள் வைத்துக்கொண்டு உரியவரை அலைக்கழிக்கக் கூடாது என்பதும் அதே பகுதியில் உண்டு. பெருநாளுக்கு முந்திய வாரம் நம் தையற்கடைகளின் வாசலில் நிற்பவர் எண்ணூறு ஆண்டுக்கு முந்திய அந்த முஹ்தஸிபை அன்போடு நினைப்பார்!

கடையில் இருந்தவர் ஆண். அவருக்கு நூல் வந்த வழி பெரும்பாலும் பெண்களின் தக்களி. மம்லூக் காலத்துப் பெண்கள் நூற்பு, தையல், பூவேலை ஆகியவற்றால் சொந்த வருமானம் ஈட்டியதை யோசெஃப் ரப்போபோர்ட் 2005இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டுகிறார். அதற்கு நெடுங்காலம் முன்னரே பக்தாதில் நடந்ததாக வழங்கும் நிகழ்ச்சி ஒன்று நம் ஆலிம்களின் உரைகளில் பலமுறை கேட்டதே. ஸூஃபி ஞானி பிஷ்ருல் ஹாஃபீயின் சகோதரி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (780-855) அவர்களிடம் வந்து, இரவில் வீட்டு மாடியில் நூற்கும்போது ஆட்சியாளரின் பந்தங்கள் தெருவைக் கடந்து போகின்றன. அந்த வெளிச்சத்தில் நூற்ற நூல் தமக்கு ஆகுமா என்று வினவினார். அந்தப் பேணுதலைக் கண்டு இமாம் கண் கலங்கினார்கள் என்பதோடு உரைகள் நின்றுவிடும். நூல்களில் பதிவான மற்றொரு வினா அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விளக்கு அணைந்துவிட்டால் நிலவொளியில் நூற்கிறேன். விற்கும்போது இது விளக்கில் நூற்றது, இது நிலவில் நூற்றது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமா? இரண்டுக்கும் வேறுபாடு இருக்குமானால் சொல்லத்தான் வேண்டும் என்பது இமாமின் விடை. இதில் பேணுதலோடு தொழிலறிவும் இருக்கிறது. மங்கிய ஒளியில் நூலின் பருமனும் முறுக்கும் சீராக வாரா. அந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியமாட்டார், நூற்றவளின் விரல் அறியும். எண்ணெய் வாங்கக் காசில்லாத நீண்ட இரவுகளின் பொருளாதாரமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. வரலாறு அப்பெண்மணியை அவர் தமையனின் பெயராலேயே பெரும்பாலும் அறிகிறது.

இந்தப் பின்னற்கலை ஐரோப்பாவை அடைந்த வழிகளுள் ஸ்பெயின் முதன்மையானது. அதற்கான சான்று வடக்கே, காஸ்டில் அரசர்களின் புர்கோஸ் நகரில் கிடைத்தது. அங்குள்ள லாஸ் உவெல்காஸ் மடாலயத்தை எட்டாம் அல்ஃபோன்ஸோ 1187இல் நிறுவினார். அரச குடும்பத்தினர் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். நெப்போலியனின் படையினர் கல்லறைகளை உடைத்துச் சூறையாடியபோது ஒன்று மட்டும் அவர்கள் கையில் படாமல் தப்பியது. அது பத்தாம் அல்ஃபோன்ஸோவின் மூத்த மகன், இளவரசர் ஃபெர்னாண்டோ டி லா செர்டாவுடையது. 1275இல், மொராக்கோவின் மரீனிய முஸ்லிம் படை தெற்கு ஸ்பெயினுக்குள் நுழைந்தபோது, அதை எதிர்க்கப் படை திரட்டிச் சென்ற வழியில் அவர் இறந்தார். வயது இருபதுக்குள்.

1940களில் அக்கல்லறைகள் ஆராயப்பட்டன. மனுவல் கோமஸ் மொரேனோ 1946இல் ஆய்வை வெளியிட்டார். இளவரசரின் உடலோடு இருந்தவற்றுள் ஒன்று பட்டு நூலால் கையால் பின்னிய தலையணை உறை. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ இருபது கண்ணிகள். இன்று வீட்டில் பின்னும் கம்பளிச் சட்டையில் ஐந்தாறு இருந்தாலே மிகுதி. கழுகுகளும் லில்லி மலர் முத்திரைகளும் கட்டம் கட்டமாக நிறைந்திருக்கின்றன. அரச மாளிகைக்கென்றே செய்வித்த வேலைப்பாடு. அதைப் பின்னியவர்கள் காஸ்டில் அரசின் கீழ் வாழ்ந்த முஸ்லிம் கைவினைஞர்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கெய்ரோக் காலுறையில் எழுத்தா கோலமா என்று நாம் தயங்கியது போல் இங்கே தயங்க வேண்டியதில்லை. முஸ்லிம் படையை எதிர்க்கப் புறப்பட்டு மாண்ட இளவரசரின் கல்லறைக்குள், அந்தத் தலையணையின் ஓரத்தைச் சுற்றிலும், கூஃபி எழுத்தில் ஒரே அரபுச் சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருந்தது: பரக்கத்.